குரல் நிறுத்தப்பட்டது

தவமணி முதலில் போனில் மங்கையர்க்கரசியிடம் ஆலோசனை கேட்டாள். மனசு ஆறாமல் மறுநாள் தம்புச் செட்டித் தெருவில் இரண்டு மாடி ஏறி வந்து மங்கையர்க்கரசியை நேரில் பார்த்தாள்.

"நேத்து பேரை மாத்திக்கோங்கன்னு சொல்லிட்டீங்களே மேடம், நியாயமா இது?" என்றாள், உட்காருவதற்கு முன்பே.

"அது நான் இல்லை."

"உங்க குரல்தான். இப்பவும் அதேதான் கேக்குது. 'சொல்லப்போனா'ன்னு ஆரம்பிச்சீங்க. நடுவுல லேசா இருமினீங்க."

"சொல்லப்போனா..." என்று தொடங்கிய மங்கையர்க்கரசி வாயை மூடிக்கொண்டாள். இருமலும் வந்தது. அதையும் அடக்கினாள். சொந்த இருமலை அடக்கவேண்டிய நிலைமை இந்த ஊரில் வேறு எந்த வக்கீலுக்கும் வந்திருக்காது.

தவமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் இட்லி மாவு வியாபாரம். மடியில் மஞ்சள் பை. கதவைத் திரும்பிப் பார்த்தாள். 'வழக்கறிஞர், அறை எண் 14' என்று மட்டும் இருந்தது.

"போர்டுல ஏன் மேடம் பேரே இல்லை?"

"வித்துட்டேன்."

"பேரையா?"

"பேரு, குரல் ரெண்டையும். ஆறு வருஷம் ஆச்சு. வக்காலத்து பிளஸ்னு ஒரு கம்பெனி. நீங்க நேத்து பேசினது அவங்க செயலிகிட்ட. 'மங்கை'ன்னு பேர் வெச்சிருக்காங்க. நான் இருபத்தாறு வருஷம் கோர்ட்டுல வாதாடின ஒலிப்பதிவு அத்தனையும் கேட்டுப் படிச்ச மெஷின். என்னை மாதிரியே யோசிக்கும், என்னை மாதிரியே பேசும். தூங்காது. லட்சம் பேருக்கு ஒரே நேரத்துல பதில் சொல்லும்."

"நீங்க?"

"நான் வக்கீல் தொழில்ல என் பேரையும் குரலையும் உபயோகிக்கக் கூடாது. சாகிற வரைக்கும்."

"பத்திரத்தைப் படிச்சுப் பாக்காமயா மேடம் கையெழுத்துப் போட்டீங்க?"

மங்கையர்க்கரசி சிரித்தாள். சிரிப்பு நன்றாக இல்லை. "அந்தப் பத்திரத்தை எழுதினதே நான்தான்."

அதுதான் அவளால் விழுங்க முடியாத விஷயம். வணிகப் பெயர்களை விற்கும் பத்திரங்களை ஆயிரக்கணக்கில் எழுதியவள் அவள். எப்போதும் வாங்குகிறவர் பக்கம். விற்றவன் ஒரு விரற்கடைகூட அசையமுடியாதபடி எழுதுவாள். தன் பெயரை விற்கும் நாளன்றும் கை அந்தப் பழக்கத்திலேயே ஓடிவிட்டது. 'இன்று உள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா வடிவங்களிலும்' என்று பதினோராம் பத்தியில் எழுதிவிட்டு, வாக்கியம் நன்றாக அமைந்ததில் சந்தோஷம்கூடப் பட்டாள்.

"ஒரே ஒரு வரிதான் எனக்காக எழுதினேன்" என்றாள். "விசாரணையில நான் வாதாடாத விதத்துல அது வாதாடக் கூடாது. வாதாடினா பேரும் குரலும் எனக்கே திரும்பி வந்துடணும். கர்வத்துல எழுதின வரி. கம்பெனி ஆள் நிரஞ்சன்னு ஒருத்தன், 'உங்க பழக்கத்தை யார் மேம் மாத்தப்போறா? அதுக்குத்தானே காசு கொடுத்து வாங்குறோம்'னு சிரிச்சான்."

"அப்ப அதை வெச்சு..."

"நான் எப்படி வாதாடினேன்னு காட்ட எங்கிட்ட என்ன இருக்கு? ஒலிப்பதிவு எல்லாத்தையும் சேர்த்துத்தானே வாங்கிட்டாங்க. விடுங்க. உங்க கதையைச் சொல்லுங்க."

தவமணியின் கதை சின்னது. 2014இலிருந்து 'தவமணி மாவு' விற்கிறாள். பதினோரு பெண்கள் வேலை செய்கிறார்கள். போன மாதம் 'கிராண்ட்லீஃப் உணவுகள்' என்ற கம்பெனியிடமிருந்து நோட்டீஸ் வந்தது. மாவு பாக்கெட்டில் பெண் பெயர் இருந்தால் நன்றாக விற்கிறது என்று அவர்களுடைய இயந்திரம் கண்டுபிடித்து, ஒரே மத்தியானத்தில் நாற்பதாயிரம் தமிழ்ப் பெண் பெயர்களைப் பதிவுசெய்துவிட்டது. பூங்கோதை, செண்பகவல்லி, தவமணி. உணவுப் பொருளில் இனி யாரும் அவற்றைத் தொடக்கூடாது.

"பாக்கெட் அச்சடிக்கிற மெஷின் என் பேரை அடிக்கவே மாட்டேங்குது மேடம். சிவப்பு லைட்டு எரியுது. வெறும் வெள்ளைப் பாக்கெட்டுல போட்டுக் கொடுத்தா, 'எந்த ஊரு மாவும்மா இது, தேதியாச்சும் இருக்கா'ன்னு மோந்து பாக்கறாங்க. எங்கப்பா வெச்ச பேரு அது. எவனோ ஒருத்தன் எங்கிட்டயே வந்து, உன் பேரைச் சொல்லாதேங்கிறான்!"

"அவங்களுக்கு முன்னாடியே நீங்க இந்தப் பேர்ல வித்தீங்கன்னு காட்டணும். அவ்வளவுதான் வழக்கு."

"போட்டோ நிறைய இருக்கு."

"படம் எதுவும் செல்லாது. இன்னிக்கு யார் வேணும்னாலும் எந்த வருஷத்துப் படத்தை வேணும்னாலும் செஞ்சிடலாம். கையில தொடற பொருளா இருக்கணும். மை எத்தனை வருஷப் பழசுன்னு மெஷின் பாத்துச் சொல்லும். பில் புக்கு?"

"ஏரி உடைஞ்சப்ப வீட்டோட போச்சு. மங்கையும் இதையேதான் கேட்டுச்சு. அப்புறம், காலண்டர் போட்டீங்களான்னுகூடக் கேட்டுச்சு."

மங்கையர்க்கரசி நிமிர்ந்தாள். "காலண்டர் கேட்டுதா?"

"ஆமா. 2017க்கு எரநூறு போட்டோம், வாடிக்கைக்காரங்களுக்குக் கொடுத்தோம், கையில ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். அப்படின்னா பேரை மாத்திக்கோங்கன்னு சொல்லிடுச்சு."

"எதிர்க்கட்சிக்கு வக்கீல் யாரு தெரியுமா?"

"யாரு?"

"அதே மங்கை."

"ரெண்டு பக்கமும் அதேவா? என்ன மேடம் கூத்து இது!"

"நான் பண்ணியிருந்தா கோட்டைக் கழட்டி அனுப்பியிருப்பாங்க. மெஷினுக்கு அந்தச் சட்டம் கிடையாது." மங்கையர்க்கரசி எழுந்து ஜன்னலருகே போனாள். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. மங்கை கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள். "காலண்டர்ல என்ன படம் போட்டீங்க?"

"வள்ளி தெய்வானையோட முருகர்."

"அப்ப கிடைக்கும். நடிகை படமா இருந்தா அடுப்புக்குப் போயிருக்கும். முருகரை எந்த வீட்டுலயும் குப்பையில போட்டிருக்க மாட்டாங்க. போய்த் தேடுங்க."

தவமணி நான்கு நாள் தேடினாள். பாதிப் பேர் வீடு மாறியிருந்தார்கள். சிலர் பழைய சாமி படங்களோடு கட்டி, கோயில் அரசமரத்தடியில் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். மரத்தடியில் மழையில் ஊறிய கூழ்தான் இருந்தது. ஐந்தாம் நாள், மாதனாங்குப்பத்தில் ஓய்வுபெற்ற மின்வாரிய லைன்மேன் வீட்டுக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த முருகரைக் கண்டுபிடித்தாள். அட்டை நன்றாக இருந்ததால், ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அதே அட்டையில் புதுத் தேதிக் கட்டை வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். முருகரின் காலடியில் 2043 தொங்கியது. அதற்குக் கீழே மங்கலான சிவப்பில் 'தவமணி மாவு, கள்ளிக்குப்பம். 2017 புத்தாண்டு வாழ்த்துகள்.'

"எடுத்துட்டுப் போ தாயி" என்றாள் அந்த வீட்டுக்காரி. "ஆனா விசாரணை அன்னிக்குச் சாயங்காலமே திரும்பி வந்துடணும். தேதி கிழிக்கலேன்னா எங்க வீட்டுக்காரர் காபி குடிக்க மாட்டாரு."

பெயர் உரிமைத் தீர்ப்பாயம் நந்தனத்தில் இருந்தது. ஒரு வழக்குக்குப் பதினோரு நிமிடம். நடுவர் கனகசபாபதி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதிவுக் கருவிக்குள் போகும் சொல்தான் சொல். ஹாலில் யார் கத்தினாலும் கணக்கில் வராது.

எதிர்ப்பக்க மேஜையில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் பக்கத்தில் நிரஞ்சன். ஆறு வருஷத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"மேம்! எப்படி இருக்கீங்க? நீங்க நேர்ல வருவீங்கன்னு நினைக்கவே இல்லை."

"உன் பெட்டி எப்படி இருக்கு?"

"பிச்சு உதறுது மேம். போன வருஷம் மட்டும் மூணு லட்சம் வழக்கு."

மணி அடித்தது. மங்கையர்க்கரசி எழுந்து ஒலிவாங்கியின் முன் நின்றாள்.

"வணக்கம். நான் மனுதாரருக்காக..."

சிவப்பு விளக்கு. சுவர்த் திரையில் எழுத்து ஓடியது. 'பதிவு பெற்ற குரலைப் போன்ற குரல். ஒலி நிறுத்தப்பட்டது.'

மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்த்தாள். குரலைத் தடிமனாக்கினாள். கீச்சென்று பேசினாள். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். 'ஒலி நிறுத்தப்பட்டது. ஒலி நிறுத்தப்பட்டது.'

நடுவர் ஒரு பக்கத்து ஹெட்போனைத் தூக்கினார். "அம்மா, உங்க வாய் அசையுது, எனக்கு ஒண்ணும் கேக்கலை. மூணு நிமிஷம் போயிடுச்சு."

"இது என் குரல் சார்! பிறந்ததுலேர்ந்து என் குரல்!"

"இருக்கலாம். பதிவுல அவங்க பேர்ல இருக்கே. வேற யாராவது பேசட்டும்."

அறுபத்தொரு வயதில், இருபத்தாறு வருஷ அனுபவத்தோடு, தன் வழக்கில் வேடிக்கை பார்க்க வந்தவளைப்போல அவள் உட்கார்ந்தாள். ஒரு காகிதத்தில் எழுதித் தவமணியிடம் தள்ளினாள்.

அதற்குள் கறுப்புப் பெட்டி பேசத் தொடங்கியது.

"சொல்லப்போனால், இந்த வழக்கில் மனுதாரர் மீது எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் அனுதாபம் சான்றாகாது." லேசாக ஒரு இருமல். "தவமணி என்ற பெயரை என் கட்சிக்காரர் முறைப்படி பதிவு செய்திருக்கிறார். அதற்கு முன்னால் அந்தப் பெயரில் மாவு விற்றதாக மனுதாரர் சொல்கிறார். எதை வைத்துச் சொல்கிறார்?"

நன்றாகத்தான் பேசியது. எரிச்சலாக இருந்தாலும் மங்கையர்க்கரசி அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இடைவெளி விடவேண்டிய இடத்தில் இடைவெளி விட்டது. நாற்பது வயதில் அவளுக்கு இருந்த தெம்பு அதற்கு இன்னும் இருந்தது.

தவமணி காகிதத்தைப் பார்த்தாள். அதில் ஒரே வரி. 'ஒன்றும் பேச வேண்டாம். காலண்டரை வையுங்கள்.'

மஞ்சள் பையிலிருந்து முருகர் வெளியே வந்தார். சான்றுத் தட்டில் வைத்ததும் நீல வெளிச்சம் அட்டையின் மேல் மெதுவாக ஊர்ந்தது. 'அச்சு மை: இருபத்தாறு முதல் இருபத்தேழு வருடம். மாற்றம் இல்லை.'

பெட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு விநாடி பேசவில்லை.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று மங்கையர்க்கரசிக்குத் தெரியும். அவளுடைய முதல் வழக்கு அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். செங்குன்றத்தில் ஒரு எண்ணெய்க் கடைக்காரர். பழைய காலண்டரைக் கொண்டுவந்து தன் கடைப் பெயர்தான் முந்தியது என்றார். அது நேற்று அச்சடித்த போலி என்று இளம் வக்கீல் மங்கையர்க்கரசி வாதாடி ஜெயித்தாள். போலி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் புத்தாண்டுக்கு அவர் அவளுடைய ஆபீசுக்கே வந்து ஒரு காலண்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கடைப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. அதற்குப் பிறகு எதிர்க்கட்சி உண்மையான காலண்டரைக் காட்டிய எந்த வழக்கிலும் அவள் வாதாடியதில்லை. எழுந்து நின்று விட்டுக்கொடுத்துவிடுவாள். கட்சிக்காரர்களிடம் வக்காலத்து வாங்கும்போதே அதைச் சொல்லியும்விடுவாள்.

"சொல்லப்போனால்" என்றது பெட்டி, அவளுடைய தாழ்ந்த குரலில். "இந்தக் காலண்டருக்கு எதிராக நான் வாதாட மாட்டேன். தவமணி என்ற பெயரை என் கட்சிக்காரர் விட்டுக்கொடுக்கிறார்."

நிரஞ்சன் துள்ளி எழுந்தான். "சார், சார், ஒரு நிமிஷம்! இது சிஸ்டம் கோளாறு. நாங்க அப்படிச் சொல்லலை!"

"உங்க வக்கீல் சொல்லிட்டாங்களே" என்றார் நடுவர்.

"அது வக்கீல் இல்லை சார், மெஷின்!"

"மெஷின் சொன்னா வக்கீல் சொன்ன மாதிரின்னு சட்டம் கேட்டு வாங்கினது உங்க கம்பெனிதானே? பெயர் மனுதாரருக்கு. அடுத்த வழக்கு."

வராந்தாவில் தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலண்டரை மார்போடு அணைத்திருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அந்த மங்கையம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு பாத்தீங்களா? எதிராளி வக்கீலா இருந்துக்கிட்டு விட்டுக்கொடுத்துட்டாங்களே!"

மங்கையர்க்கரசி அவளையே பார்த்தாள்.

"இல்ல, நீங்களும் பாவம் கஷ்டப்பட்டீங்க" என்றாள் தவமணி அவசரமாக. "என்ன, வாயே திறக்கலை."

"அதுசரி" என்றாள் மங்கையர்க்கரசி.

நிரஞ்சன் வேகமாக வந்தான். முகம் சிவந்திருந்தது. "மேம், இந்தக் காலண்டர் மேட்டர் உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"இதெல்லாம் நல்லா இல்லை மேம். காசு வாங்கிட்டு இப்படிப் பண்ணலாமா? எனிவே, நாலு மணிக்குள்ள அதைத் தூக்கிடுவோம். இனிமே எந்தச் சாமி படத்தைக் காட்டினாலும் அசையாது."

"உன் இஷ்டம்" என்றாள் அவள் மெதுவாக.

அவன் போனை எடுத்துக் கத்திக்கொண்டே போனான். பத்திரத்தில் கையெழுத்திட்ட அன்று சிரித்ததோடு சரி, அவன் அதைப் படிக்கவில்லை. நாற்பது பக்கத்தை அவனுடைய செயலி அரைப் பக்கமாகச் சுருக்கிக் கொடுத்திருந்தது.

"போலாமா மேடம்? காலண்டரைத் திருப்பிக் கொடுக்கணும்."

"இருங்க. விசாரணைப் பதிவோட சான்றிட்ட நகல் வாங்கணும்."

"அதான் ஜெயிச்சாச்சே!"

"இருங்கம்மா."

நகல் கவுண்ட்டரில் டோக்கன் இயந்திரம் கெட்டிருந்தது. டோக்கன் இல்லாமல் நகல் இல்லை என்றான் குமாஸ்தா. டோக்கன் இயந்திரம் பழுது என்று புகார் கொடுக்கப்போனால் அதற்கும் டோக்கன் கேட்டார்கள். மங்கையர்க்கரசி கத்தினாள். இங்கே கத்தினால் காதில் விழுந்தது. குமாஸ்தா பயந்துபோய் முத்திரை குத்திக் கொடுத்தபோது மணி மூன்றரை.

எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தார்கள். நாலு பத்துக்குத் தவமணியின் போன் சிணுங்கியது. 'மங்கை மேம்படுத்தப்பட்டது. காலண்டர், வாழ்த்து அட்டை போன்ற விளம்பரப் பொருட்களைக் கண்டு விட்டுக்கொடுக்கும் குறைபாடு நீக்கப்பட்டது.'

"குறைபாடாம்" என்றாள் மங்கையர்க்கரசி. "நான் பேசினா அது பதில் சொல்லாது. நீங்க கேளுங்க. எதிராளி உண்மையான பழைய காலண்டரைக் காட்டினா என்ன பண்ணுவேன்னு கேளுங்க."

தவமணி கேட்டாள்.

"சொல்லப்போனால்" என்றது போன், "அது நேற்று அச்சடித்த போலி என்று வாதாடுவேன்."

தவமணியின் முகம் சுருங்கியது. "என்ன மேடம் இது? மத்தியானம் அவ்வளவு நல்லா பேசினாங்க. இது அவங்களே இல்லையே!"

"இதைத்தான் தீர்ப்பாயத்துல சொல்லணும். இது நான் இல்லை. நான் எப்படி வாதாடுவேன்னு இன்னிக்கு மத்தியானம் அதுவே நடுவர் முன்னால காட்டிடுச்சு." சான்றிட்ட நகலை முருகரின் மேல் வைத்தாள். "இது என்னோட காலண்டர்."

தவமணிக்குப் புரிய ஒரு வாய் டீ ஆயிற்று. புரிந்ததும் டம்ளரை வைத்துவிட்டாள். "அதான் அந்தப் பையன் தூக்கிடுவேன்னப்ப பேசாம நின்னீங்களா? எமகாதகி மேடம் நீங்க!"

மங்கையர்க்கரசி போனில் மனுப் படிவத்தைத் திறந்தாள். முதல் கட்டத்தில் பெயரைத் தட்டினாள். சிவப்பு. 'இந்தப் பெயர் சட்ட சேவைப் பிரிவில் வேறொருவருக்குச் சொந்தமானது.' இனிஷியலோடு தட்டினாள். சிவப்பு. இன்னொரு முறை. சிவப்பு.

"பேரைத் திருப்பிக் கேக்கிற மனுவுல அந்தப் பேரை எழுதக் கூடாதாம்!" போனை மேஜை மேல் போட்டாள். டீ தளும்பியது. "எவன் செஞ்சான் இந்தப் படிவத்தை?"

"வேற யாராச்சும் போடக் கூடாதா?"

"பாதிக்கப்பட்டவங்க யார் வேணும்னாலும் போடலாம். சட்டம் அப்படித்தான் சொல்லுது. யாரு வருவா?"

"பேரை மாத்திக்கோன்னு எங்கிட்டதானே சொல்லுச்சு அது? நான் பாதிக்கப்படலையா?" தவமணி போனைத் தன் பக்கம் இழுத்தாள். "என் பேரைப் போடுங்க மேடம். மத்தியானம்தான் வாங்கினோம். புதுசா இருக்கு."

தவமணி. பச்சை.

அடுத்த கட்டம் கேட்டது. 'மனுதாரர் தன் கோரிக்கையைச் சொந்தக் குரலில் சொல்லவும்.'

"என்ன சொல்லணும்?"

"உங்களுக்குத் தோணறதைச் சொல்லுங்க. நான் சொல்லிக் கொடுத்தா அதையும் நிறுத்திடும்."

தவமணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். போனை உதட்டருகே கொண்டுபோனாள். ஒரு முறை இருமினாள்.

"சொல்லப்போனா..." என்று ஆரம்பித்தாள்.

விளக்கு பச்சையாகவே இருந்தது.